இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில்

ஆகஸ்ட் 4, திங்கள்

டாக்டர் இன்று ஒரு நோட்டுப் போடச் சொன்னார். தினமும் மாலை ஆறு மணிக்கு என் வீட்டுக்காரர் மாத்திரை போட்டாரா, இரத்தப் பரிசோதனையில் என்ன எண் வந்தது, இவ்வளவு எழுதினால் போதுமாம். மகளின் பழைய டைரி ஒன்று பாதி காலியாகக் கிடந்தது. கோடு போட்டுக் கட்டம் கட்டினேன். கட்டத்துக்குள் என் கை நிற்கவில்லை.

ஜனவரியில் அவருக்கு இதய வால்வை மாற்றி உலோக வால்வு வைத்தார்கள். காது வைத்துக் கேட்டால் கைக்கடிகாரம் மாதிரி டிக் டிக் என்கிறது. அந்த வால்வில் இரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருக்க ஆயுள் முழுக்க ஒரு மாத்திரை. இரத்தம் எவ்வளவு இளகியிருக்கிறது என்பதற்கு ஒரு எண். அது இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் இருக்க வேண்டும். கூடினால் உள்ளே கசியும். குறைந்தால் கட்டி உண்டாகி மூளைக்குப் போகும்.

இன்றைய எண் 2.2.

"மாத்திரை ஒழுங்காப் போடுறீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"போடுறேன் சார்."

"சாப்பாடு?"

நான் முந்திக்கொண்டேன். "எல்லாம் வீட்டுச் சாப்பாடு டாக்டர். காய்கூட எங்க மாடியில விளைஞ்சதுதான்."

"வெரி குட்." மாத்திரையைக் கொஞ்சம் கூட்டி எழுதினார். வெளியே ஐம்பது பேர் காத்திருந்தார்கள்.

"போடுறேன் சார்" என்றபோது இவர் டாக்டரைப் பார்க்கவில்லை. மேசையில் இருந்த பிளாஸ்டிக் இதயத்தைப் பார்த்தார்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மாலை 6: மாத்திரை போட்டார். வாயைத் திறந்து காட்டச் சொன்னேன். காட்டினார்.

ஆகஸ்ட் 9, சனி

மாடியில் இப்போது நாற்பத்திரண்டு பைகள். அரைக்கீரை, சிறுகீரை, பாலக், பொன்னாங்கண்ணி, வெண்டை, கத்தரி, ஒரு டிரம்மில் முருங்கை. பொன்னாங்கண்ணியில் மாவுப்பூச்சி, வேப்பெண்ணெய் அடித்தேன். கீரைக்குக் கணக்கே இல்லை, அறுக்க அறுக்க வருகிறது. காலையில் முருங்கைக்கீரை சூப். மதியம் டப்பாவில் கீரைப் பொரியல். இரவில் கீரை தோசை. எண்ணெய் மாதத்துக்கு ஒரு லிட்டர்தான். பள்ளியில் அறிவியல் டீச்சராக இருந்தபோது எனக்கு இதற்கெல்லாம் ஏது நேரம்? ஆபரேஷனுக்காக வேலையை விட்டது இந்த ஒரு விதத்தில் நல்லதாகப் போயிற்று.

இன்று அவர் கடையிலிருந்து வந்ததும் சட்டையை வாங்கி முகர்ந்தேன்.

"என்ன வாசம் இது?"

"என்ன வாசம்?"

"சால்னா."

"நம்ம மிக்ஸி ரிப்பேர் கடைக்குப் பக்கத்துல ஷாஜகான் பாய் பரோட்டாக் கல்லு போட்டிருக்காரு. மூச்சு விட்டா சால்னாதான் வரும். மூச்சையும் விட வேணாங்கிறியா?"

வாய் பேசுகிறது. ஆனால் சட்டைப் பையில், ரெகுலேட்டர் திருகாணிகளுக்கு நடுவே, வறுத்த நிறத்தில் ஒரு செதில் கிடந்தது. பன் பரோட்டாவின் மேல்தோல். தாவரவியல் படித்தவளுக்கு மேல்தோலை அடையாளம் காணத் தெரியாதா?

ஆகஸ்ட் 17, ஞாயிறு

திருமங்கலத்திலிருந்து மதினி வந்தார். அவருடைய அக்கா. மாமனாருக்குச் சுதந்திரப் போராட்டம் என்றால் உயிர். மூத்தவளுக்கு ஜான்சிராணி என்றும், இவருக்குச் சந்திரபோஸ் என்றும் பேர் வைத்தார். போராட்டம் எல்லாம் மகளோடு நின்றுவிட்டது. மகன் எதற்கும் தலையாட்டுகிறவர்.

மதினி வந்ததும் பையைப் பார்த்தேன். தூக்குவாளி இருந்தது.

"கோலா உருண்டையா மதினி?"

"ஏன்டி, போலீஸ் ஸ்டேஷனுக்கா வந்திருக்கேன்? மோரு."

திறந்து காட்டினார். மோர்தான். சாப்பிடும்போது தம்பியின் தட்டைப் பார்த்து, "கீரையாத் தின்னு தின்னு எந்தம்பி மூஞ்சியே பச்சையாப் போச்சு. இன்னொரு வாரம் போனா கொம்பு மொளைச்சிரும்" என்றார். இவர் சிரித்தார். ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. நான் இன்னொரு கரண்டி வைத்தேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

மாடிப்படித் திருப்பத்தில் வைத்த கத்தரிச் செடி வாடுகிறது. இலை ஓரமெல்லாம் கருகல். பூச்சி இல்லை, வேரழுகல் இல்லை. மண்ணை நாக்கில் தொட்டுப் பார்த்தேன். உப்பு.

உப்பு எங்கிருந்து வரும்? பக்கத்து வீட்டுக் கற்பகத்தைத்தான் சந்தேகப்பட்டேன். அவளுக்கு என் தோட்டத்தின் மேல் எப்போதும் ஒரு கண். கேட்டும்விட்டேன்.

"உங்க தொட்டியில ஊத்த நான் எதுக்குங்க மெனக்கெட்டு மாடியேறி வரணும்? எங்க வீட்டுல சாக்கடை இல்லையா?" என்றாள்.

பதிலைத் தயாராக வைத்திருந்த மாதிரி இருந்தது.

ஆகஸ்ட் 25, திங்கள்

எண் 2.1. மாத்திரையைக் கூட்டிய பிறகும் ஏறவில்லை. டாக்டர் இன்னும் கூட்டினார்.

வீட்டுக்கு வரும் வழியில், "வெளிய என்ன சாப்பிடுறீங்க?" என்றேன்.

"ஒண்ணும் சாப்பிடல."

"சத்தியமா?"

"ரேணு, ஸ்பீடு பிரேக்கர். பிடிச்சுக்க."

ஆகஸ்ட் 28, வியாழன்

கோவை ஹாஸ்டலில் மகளுக்கு அம்மை. உடனே கிளம்ப வேண்டும். பத்து நாளைக்குக் கீரையை ஆய்ந்து, ஆவியில் வேகவைத்து, டப்பா டப்பாவாக ஃப்ரீஸரில் வைத்து, மேலே தேதி ஒட்டியிருக்கிறேன். எதை எப்போது சூடு பண்ணுவது என்று இரண்டு முறை சொன்னேன். தலையாட்டினார்.

செப்டம்பர் 2, செவ்வாய் (கோவை)

போன் செய்தேன்.

"சாப்டீங்களா?"

"சாப்டேன்."

"என்ன?"

"நீ வெச்சதுதான்."

பின்னால் டங் டங் என்று தட்டும் சத்தம்.

"அது என்ன சத்தம்?"

"மிக்ஸி."

எந்த மிக்ஸி தாளம் போடும்?

செப்டம்பர் 7, ஞாயிறு

மகள் தேறிவிட்டாள். பகல் ஒரு மணிக்கு ஆரப்பாளையத்தில் இறங்கினேன். பசி. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஏதோ சாப்பிட்டேன். இது அவருக்கான நோட்டு. என் சாப்பாட்டை இதில் எழுத வேண்டியதில்லை.

ஃப்ரீஸரில் ஒரு டப்பாகூட இல்லை. பத்தும் கழுவித் துடைத்து, பெரியதன் மேல் சிறியதாக அடுக்கியிருந்தன. இருபத்து மூன்று வருடத்தில் அவர் ஒரு டம்ளர் கழுவி நான் பார்த்ததில்லை.

செப்டம்பர் 8, திங்கள்

காலையில் அவருடைய பல் பிரஷ் சிவப்பாக இருந்தது. ஈறில் இரத்தம்.

எண் 4.4.

டாக்டருக்குக் கோபம். "ஒரு தடவை தரையில, ஒரு தடவை கூரையில. என்ன பண்றீங்க போஸ்? மாத்திரையை இஷ்டத்துக்குப் போடுறீங்களா?" அளவை நன்றாகக் குறைத்துவிட்டார். அடுத்த திங்கள் கட்டாயம் வந்து பரிசோதனை செய்ய வேண்டும், தவறக்கூடாது என்றார்.

இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? நான் இருந்தவரை இரத்தம் கசியவில்லை. பத்து நாள் கடைச் சாப்பாடு, எண் எகிறிவிட்டது. பாய் கடை எண்ணெயில் என்ன இருக்கிறதோ. இரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். கீரையை இரண்டு மடங்காக்குகிறேன்.

செப்டம்பர் 10, புதன்

காலை ஏழரை மணி. தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்க்க ஏணியில் நின்றிருந்தேன். நான் மேலே இருப்பது அவருக்குத் தெரியாது. சூப் டம்ளரோடு படித் திருப்பத்துக்கு வந்தார். இடம் பார்த்தார், வலம் பார்த்தார். கத்தரித் தொட்டியில் ஊற்றினார். பிறகு துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார், குடித்தவர் மாதிரி.

யாரும் பார்க்காதபோதுகூட வாயைத் துடைக்கிற மனிதரை என்ன செய்வது?

கீழே வந்து ஒன்றும் கேட்கவில்லை. கற்பகத்துக்கு இரண்டு வெண்டைக்காய் கொடுத்தனுப்பினேன்.

செப்டம்பர் 11, வியாழன்

டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு எதிரே நின்றேன்.

"சூடா இருக்கு. அப்புறம் குடிக்கிறேன்."

"ஆத்திதான் கொண்டுவந்தேன்."

"நீ போயி வேலையப் பாரு."

"இதுதான் என் வேலை."

"ரேணு, அன்னிக்கு ஆஸ்பத்திரில..." என்றார்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல."

ஒரே மூச்சில் குடித்தார்.

செப்டம்பர் 13, சனி

மதியச் சாப்பாட்டையும் இனி நானே கடைக்குக் கொண்டுபோவது என்று முடிவு செய்தேன். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். பாய் பரோட்டா மாவை வீசிக்கொண்டே, "வாங்கம்மா. என் யாவாரத்துக்கு வெக்கிறீங்களா வேட்டு?" என்றார். அந்தச் சிரிப்பை நான் நம்பவில்லை.

பாய் கடைக்குப் பின்னால் இரண்டு ஆடுகள் கட்டாமல் படுத்துக்கிடந்தன. நல்ல கொழுப்பு. நான் டப்பாவைத் திறந்ததும் எழுந்து வந்து, அவர் முட்டியருகே வரிசையாக நின்றன.

"எல்லார்கிட்டயும் இப்பிடித்தான் வருமா பாய்?"

பாய் கல்லைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை. "ஆடுதானேம்மா" என்றார்.

செப்டம்பர் 15, திங்கள்

இன்று பரிசோதனைக்குப் போகவில்லை. நாலு நாள்தான் ஒழுங்காகச் சாப்பிட்டிருக்கிறார். இன்னும் ஒரு வாரம் சுத்தமான சாப்பாடு உள்ளே போகட்டும், எண் தானாகச் சரியாக வரும். அப்போது டாக்டரிடம் காட்டலாம்.

"இன்னிக்குத் திங்கக்கிழமல்ல?" என்று அவர் இரண்டு தடவை கேட்டார். கடைக்கு மட்டம் போட வழி தேடுகிறார்.

செப்டம்பர் 19, வெள்ளி

பாலக் ஒரு கூடை. இலை உள்ளங்கை அகலம். மூன்று வேளையும் நின்று பார்த்தேன், மூன்று வேளையும் சாப்பிட்டார். சட்டையில் சால்னா வாசம் இல்லை. நாங்கள் அதிகம் பேசிக்கொள்வதில்லை. ஆனால் வீடு ஒழுங்காக இருக்கிறது.

செப்டம்பர் 22, திங்கள்

ஆயுத பூஜை நெருங்குகிறது. கடையில் முப்பது மிக்ஸி காத்திருக்கிறதாம். பரிசோதனை அடுத்த வாரம்.

செப்டம்பர் 24, புதன்

காலை பதினொன்று இருபதுக்குப் பாயிடமிருந்து போன்.

"அம்மா, பதறாதீங்க. போஸ் அண்ணனுக்குப் பேச்சுக் குழறுது. வலது கையில ஸ்க்ரூ டிரைவர் நிக்க மாட்டேங்குது. ஆட்டோல ஏத்திட்டேன். வீட்டுக்கு வராம நேரா ஆஸ்பத்திரிக்கே போறோம். வந்துருங்க."

நான் போய்ச் சேர்ந்தபோது அவர் கட்டிலில் படுத்திருந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. என்னைப் பார்த்து ஒரு சொல் சொல்ல முயன்றார். அது என் பெயர் என்று எனக்குத் தெரிந்தது. வந்த சத்தம் என் பெயர் இல்லை.

எண் 1.3.

ஒரு மணி நேரத்துக்குள் பேச்சு திரும்பியது, கை திரும்பியது. சின்னக் கட்டி ஒன்று மூளைக்குப் போய்த் தானே கரைந்துவிட்டதாம். "இந்தத் தடவை" என்றாள் டூட்டி டாக்டர். மகள் வயதைவிட நாலைந்து கூட இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. என்னென்ன சாப்பிடுகிறார் என்று வரிசையாகச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். பெருமையாகத்தான் ஆரம்பித்தேன். எழுதிக்கொண்டே வந்தவள் பேனாவை நிறுத்தினாள்.

"சூப் தினமுமா?"

"தினமும். மூணு வேளையும் ஏதாவது ஒரு கீரை உண்டு."

"கீரையில வைட்டமின் கே இருக்கும்மா. அவர் போடுற மாத்திரைக்கு நேர் எதிரி அது. மாத்திரை இரத்தத்தை இளக்கும், இது உறைய வைக்கும். வேணாம்னு இல்ல, கொஞ்சமா, எப்பவும் ஒரே அளவா எடுக்கணும். டிஸ்சார்ஜ் அன்னிக்கே சொல்லியிருப்பாங்களே?"

இரத்தம் உறையத் தேவையான வைட்டமின் எது? ஒரு மார்க் கேள்வி. பன்னிரண்டு வருடம் நான் கேட்டிருக்கிறேன். முப்பது பிள்ளைகள் ஒரே குரலில் பதில் சொல்வார்கள்.

செப்டம்பர் 25, வியாழன்

பாய் வந்தார். ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்திருந்தார். வராந்தாவில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தப்பா நெனைக்காதீங்கம்மா. உங்க டப்பாக் கீரையெல்லாம் எங்க ஆடுதான் திங்கும். அண்ணன் எங்கிட்ட ரெண்டு இட்லி வாங்கிக்குவாரு. வாரத்துல ஒரு நா ஒரு பன் பரோட்டா, அதுக்கு மேல நானே குடுக்க மாட்டேன். நீங்க வந்து உக்காந்ததுக்கப்புறம்தான் கீரையத் திங்க ஆரம்பிச்சாரு."

உள்ளே போய் அவரருகே உட்கார்ந்தேன்.

"டிஸ்சார்ஜ் அன்னிக்குக் கீரையைப் பத்திச் சொன்னாங்களா?"

"சொன்னாங்க. நீ பில் கட்டுற எடத்துல நின்ன."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"வேலைய விட்டுட்டு மூணு வாரம் சுவத்தப் பாத்துப் படுத்துக் கெடந்த. நான் ஆபரேஷன் பண்ணுன ஆளு, எந்திரிச்சு நடக்குறேன்; நீ எந்திரிக்கல. அப்புறம் ஒரு நாளு மாடிக்குப் போயி மண்ணக் கிண்டுன. அன்னிக்கு வெதையப் பத்தி ஒரு மணி நேரம் பேசுன. அந்த நேரத்துல ஒங்கீரை எனக்கு ஆகாதுன்னு எப்பிடிச் சொல்றது?"

"அதுக்கு ஆட்டுக்குப் போடுவீங்களா?"

"ஆட்டுக்கு வால்வு நல்லாத்தான இருக்கு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கும் வரவில்லை.

"நான் நின்னு பார்த்தப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?"

"திங்கக்கிழம டெஸ்டுல டாக்டரே கண்டுபிடிச்சுச் சொல்லிருவாரு, நான் சொன்ன மாதிரி இருக்காதுன்னு நெனச்சேன்" என்றார். "நீ கூட்டிட்டுப் போகல."

மாலை 6: மாத்திரை போட்டார். நர்ஸ் கொடுத்தாள். நான் வெளியே நின்றேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

வீட்டுக்கு வந்துவிட்டோம். மதினி வந்து அழுதார். பிறகு தம்பியைத் திட்டினார்.

"இந்தப் புள்ள மாடியில செடி வெச்சு, பாத்துப் பாத்து ஆக்கிப் போடுது. நீ கண்ட கடையில பரோட்டாவத் தின்னு ஒடம்பக் கெடுத்துக்கிட்டு வந்து நிக்கிற. அவ என்னடா பண்ணுவா?" என் பக்கம் திரும்பி, "அதானடி?" என்றார்.

"ஆமா மதினி" என்றேன்.

அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். மறுத்து ஒரு சொல் சொல்லவில்லை. இது மன்னிப்பா, அல்லது எதுவரை போகிறாள் பார்க்கலாம் என்று என்னை விட்டிருக்கிறாரா? அவர் எதற்கும் மறுத்துப் பேசாத மனிதர் என்பதை இத்தனை வருடம் நல்ல குணம் என்று நினைத்திருந்தேன். இன்று பயமாக இருந்தது.

செப்டம்பர் 30, செவ்வாய்

கீரைப் பைகளில் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அறுத்துப் பாய் கடைக்கு எடுத்துப்போனேன். ஆடுகள் என்னைப் பார்த்து எழுந்து வந்தன. கீரைக்கு வாரத்தில் இரண்டு நாள், ஒரே கரண்டி, தலைதட்டி. டாக்டரிடம் கேட்டு எழுதி அடுப்புக்கு மேல் ஒட்டியிருக்கிறேன்.

அக்டோபர் 3, வெள்ளி

எண் 2.7.

மதியம் மதினிக்குப் போன் செய்தேன். பரோட்டா இல்லை, என் கீரைதான் காரணம், அவர் வேண்டாமென்று ஒதுக்கியதை நான் நின்று பார்த்துச் சாப்பிட வைத்தேன், பரிசோதனைக்கும் நான்தான் கூட்டிப்போகவில்லை என்றேன். மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன்.

மதினி முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "இத எங்கிட்ட எதுக்குடி சொல்ற? அவங்கிட்டச் சொன்னியா?" என்றார்.

சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் கேள்விகள்தான் கேட்டேன்.

மாலை ஏழு மணிக்குத் தட்டு வைத்துவிட்டு அவரிடம் சொன்னேன். மதினியிடம் சொன்ன அதே வார்த்தைகள். இந்தத் தடவை மூச்சு நடுவில் நின்று நின்று வந்தது. அவர் கேட்டுக்கொண்டே சோற்றைப் பிசைந்தார்.

"சரி" என்றார்.

"சரின்னா? கோபம் இருந்தா சொல்லுங்க. இந்த 'சரி'யை இனிமே எப்படி நம்புறது?"

அவர் ஒரு வாய் வைத்தார். மென்றார். மெல்லுவது நின்றது. அவர் கண் ஜன்னல் பக்கம் போயிற்று. விழுங்கிவிடுவார் என்று நினைத்தேன். வாயிலிருந்ததைத் தட்டின் ஓரத்தில் எடுத்து வைத்தார்.

"ரேணு, இந்தப் பீர்க்கங்காய் கசக்குது. என்னால திங்க முடியாது."

ஒன்பது மாதத்தில் என் சமையலைப் பற்றி அவர் சொன்ன முதல் குறை. குழம்பிலிருந்து ஒரு துண்டு எடுத்து வாயில் வைத்தேன். வெயிலில் காய்ந்த கொடியின் காய், எட்டிக்காய் மாதிரி கசந்தது. அவர் சொன்னது உண்மை.

குழம்பை அப்படியே மூடி வைத்துவிட்டுப் போனை எடுத்தேன்.

"பாய், ரேணுகா பேசுறேன். ரெண்டு பேருக்கு இட்லி குடுத்து விடுங்க. சட்னி என்ன சட்னி?"

"தேங்காச் சட்னிதாம்மா. கொத்தமல்லி போடல, போதுமா?"

அவர் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தபடியே குரலை உயர்த்தி, "ரெண்டு பத்தாது, எனக்கு மூணுன்னு சொல்லு" என்றார்.

சொன்னேன்.